கண்ணைக் குத்தாத ஆரஞ்சு

கண்ணு,

உட்கார்ந்து படி. லிஃப்டில் ஏறும்போதும் காபிக்கு வரிசையில் நிற்கும்போதும் பாதி பாதியாகப் படிக்கிற ஆள் நீ என்று எனக்குத் தெரியும். இதை அப்படிப் படித்தால் பிரயோஜனம் இல்லை. நம் தையல் கம்பெனியில் கிடந்த பழைய ஆர்டர் ஷீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதி, ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புகிறேன். போனிலேயே சொல்லிவிடலாம் என்று இரண்டு நாளாக உன் நம்பரைத் தொட்டுத் தொட்டு விட்டுவிட்டேன். போனில் சொன்னால் நீ சிரிப்பாய். “செரிங்மா, செரிங்மா” என்பாய். நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிடும். எழுத்தில் என்றால் நடுவில் புகுந்து நீ பேச முடியாது.

முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். வருகிற சனிக்கிழமை மான் வேட்டைக்குப் போகும்போது, போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் போட்டுக் காட்டினாயே அந்தக் கையில்லாத ஆரஞ்சு வெஸ்ட், அதைப் போடாதே. நம் கம்பெனியில் தைத்த வெஸ்ட் என்பதால்தான் சொல்கிறேன். அதன் நிறம் தப்பு. அந்தத் தப்பைப் பாஸ் பண்ணி அனுப்பியவள் நான். கடைக்குப் போய் வேறு கம்பெனியின் வெஸ்ட் ஒன்றும், அதே நிறத்தில் தொப்பி ஒன்றும் வாங்கிக்கொள். விலையைப் பார்த்துக்கொண்டு நிற்காதே. இதற்கு மேல் எழுதப்போவதெல்லாம் ஏன் என்பதற்கான காரணம். அதையும் நீ படித்தாக வேண்டும். ஏனென்றால் கடைசியில் உன்னிடம் ஒன்று கேட்கப்போகிறேன், அது வெஸ்ட்டைக் கழற்றுவதைவிடக் கஷ்டமான காரியம்.

ஞாயிற்றுக்கிழமை நீ எவ்வளவு சந்தோஷமாக இருந்தாய் என்று உன் முகத்திலேயே தெரிந்தது. அமெரிக்காவில் படித்து முடித்து, வேட்டைக்குப் போகிறவர்களுக்குத் துணி விற்கிற அந்தக் கம்பெனியில் சேர்ந்த நாளிலிருந்து, முதலாளி தானாகவே உன் மேஜைக்கு வந்து பேசியது இதுதான் முதல் தடவை என்றாய். வருஷா வருஷம் பெரிய கடைக்காரர்களையும் தன் ஆட்களில் சிலரையும் கூட்டிக்கொண்டு தனியார் வேட்டைக்காட்டுக்குப் போவார்களாம். சுற்றிலும் மக்காச்சோளக் காடு, சோயாக் காடு, நடுவில் வேலி போட்ட மரக்கூட்டம், அதில் வெள்ளைவால் மான்கள். கைடு ஒருத்தர் விடிவதற்கு முன்பே கூட்டிப்போய், உயரமான கால்களின்மேல் கட்டிய ஒரு பெட்டி மாதிரியான அறைக்குள் உட்கார வைப்பார். மூன்று நாளைக்கு முன்பிருந்தே வாசனைச் சோப்புப் போடக் கூடாது, தலையில் எண்ணெய் வைக்கக் கூடாது, மானுக்கு மூக்கு அவ்வளவு கூர்மை. சோப்பை மாற்றச் சொல்லி நான் தலைகீழாக நின்றும் கேட்காதவன், ஒரு மானுக்காகச் சோப்பை மாற்றியிருக்கிறாய். அதைச் சொல்லி உன்னைக் கேலி பண்ணலாம் என்று வாயைத் திறந்தேன், அதற்குள் நீ எழுந்து வெஸ்ட்டைப் போட்டுக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாய்.

“நம்ம ஊட்டு வெஸ்டுங்மா. லேபிளப் பாருங்க. வர்றவங்க அத்தன பேருக்கும் இதையேதான் குடுக்கறோம்” என்றாய்.

“எதுக்குக் கண்ணு இத்தன பளிச்சுனு? மான் பாத்துட்டு ஓடிப் போயிராதா?”

“மானுக்கு ஆரஞ்சு தெரியாதுங்மா. அதுக்கு இது காஞ்ச சோளத்தட்டு மாதிரி மங்கலாத்தான் இருக்கும். மனுசனுக்குத்தான் கண்ணக் குத்தும். மனுசன மனுசன் சுட்டுறக் கூடாதுன்னுதானுங்மா இந்தக் கலரு.”

கண்ணு, அந்த நிறம் எதற்கு என்று எனக்கு அந்த நிமிஷம் வரைக்கும் தெரியாது. நம்பினால் நம்பு. இந்த ஊரில் நாம் அப்படித்தான் வேலை செய்கிறோம். பனி கொட்டிப் பார்க்காதவர்கள் பனிக்கு உடுப்புத் தைக்கிறோம், கடலில் இறங்காதவர்கள் நீச்சல் உடுப்புத் தைக்கிறோம். சரக்கு வாங்குகிற பையர் ஒரு துண்டுத் துணியை அனுப்பி இதே நிறம், இந்த ஷேட் வேண்டும் என்றால், அந்த ஷேட்டைக் கொண்டுவருவது நம் வேலை. ரேடியம் ஆரஞ்சு என்றால் அந்த ஊர்க்காரர்களின் ஃபேஷன் என்று நினைத்தேன். பிஞ்சுக் குழந்தைக்கு ரோஸ் கேட்கிற மாதிரி, வேட்டைக்காரர்கள் ஆரஞ்சு கேட்கிறார்கள் என்று வைத்துக்கொண்டேன். ஒரு மனிதனின் உயிர் அந்த ஷேட்டில் நிற்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நீ சொன்னதும் அந்த வெஸ்ட் துணியைப் பாஸ் பண்ணி நான் போட்ட கையெழுத்து ஞாபகத்துக்கு வந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டதைப் பார்த்து, “ஏனுங்மா, மானக் கொல்றது உங்களுக்குப் புடிக்கலையா?” என்றாய். கண் கூசுகிறது என்று சொல்லிப் போனை வைத்தேன். கண் கூசவில்லை.

மானைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், நீ அதையே நினைத்துக்கொண்டிருப்பாய். கிடா வெட்டுகிற வீட்டில் பிறந்தவள் நான், கறி வெந்ததா என்று பார்த்து இறக்கியவள். அங்கே சட்டம் அனுமதிக்கிறது, சுட்டதைச் சாப்பிடுகிறார்கள் என்றால் உன்னைத் தடுக்க எனக்கு வாயில்லை. கோழியைத் தலைகீழாகப் பிடித்ததைப் பார்த்தே காய்ச்சலில் படுத்தவன் நீ. துப்பாக்கியைக் கையில் கொடுத்தால் என்ன பண்ணுவாய் என்று எனக்குக் கொஞ்சம் சிரிப்பாகவும் இருக்கிறது. சுட மனசு வரவில்லை என்றால் சுடாமல் வா, அதற்காக யாரும் உன்னை வேலையைவிட்டு அனுப்பமாட்டார்கள். என் பயம் மானைப் பற்றியது இல்லை.

என் கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். கம்பெனி ஆரம்பித்த காலத்திலிருந்து ஷேட் பார்ப்பது நான்தான் என்று உனக்குத் தெரியும். உன் அப்பாவுக்கு ஊதாவும் நீலமும் ஒன்று. சாயப்பட்டறையிலிருந்து ஒரு லாட் துணி வந்தால், பையர் அனுப்பிய துண்டையும் வந்த துணியையும் எடுத்துக்கொண்டு நான் கேட்டுக்கு வெளியே போவேன். காலை பத்து மணிக்கு, நிழல் விழாத இடத்தில், சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று பார்ப்பேன். ஒரு பொட்டு சிவப்புக் கூடியிருந்தாலும் சொல்லிவிடுவேன். சாயப்பட்டறை மாஸ்டர்களே என்னிடம் வாதாட மாட்டார்கள். மற்ற இடங்களில் கண் பட்டால் திருஷ்டி என்பார்கள். நம் கம்பெனியில் “அம்மா கண்ணு பட்ட லாட்டுங்க” என்றால் அந்த லாட்டை மேற்கொண்டு யாரும் திறந்து பார்க்க வேண்டாம் என்று அர்த்தம். ஷேட் பார்க்கிற லைட் பாக்ஸ் ஒன்று வாங்கி வைத்தோமே, அதில் ஒரு டியூப் போய் எத்தனையோ மாதம் ஆகிறது. அம்மா இருக்கும்போது டியூப் எதற்கு என்று யாரும் மாற்றவில்லை. அதில் எனக்குப் பெருமை வேறு.

அந்தக் கண் கெட்டுப்போய் இரண்டு வருஷம் இருக்கும். முதலில் எல்லாவற்றின்மேலும் ஒரு மெல்லிய டீத்தண்ணீர் நிறம் படிந்த மாதிரி இருந்தது. வெள்ளைத் துணி சந்தன நிறத்தில் தெரிந்தது, நான் துணியைக் குறை சொன்னேன். பிறகு நீலத்துக்கும் பச்சைக்கும் தடுமாறினேன். புரை என்று எனக்கே தெரியும். டாக்டரிடம் போனால் ஊருக்குத் தெரியும், கண்ணுக்காகவே மதிக்கப்பட்டவளுக்குக் கண் போய்விட்டது என்பார்கள். அதனால் ஒரு தந்திரம் பண்ணினேன். துணியை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போகும்போது செக்கிங் சூப்பர்வைசர் ஜெயராணியையும் கூப்பிட்டுக்கொள்வேன். அவள் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து நம்மிடம் வேலைக்குச் சேர்ந்தவள், நீ பார்த்திருக்கிறாய். “நீ என்ன நெனைக்கற?” என்று வாத்தியார் மாதிரி அவளைக் கேட்பேன். அவள் சொன்னதையே கொஞ்சம் திருப்பி, என் தீர்ப்பாகச் சொல்வேன். தன்னைப் பழக்குகிறேன் என்று அவள் நினைத்தாள். அவள் கண்ணைக் கடன் வாங்கித்தான் அத்தனை லாட்டையும் பாஸ் பண்ணினேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

இப்போது வெஸ்ட்டுக்கு வருகிறேன். உன்னால் கிடைத்த ஆர்டர் அது. முதல் லாட் துணியை லேபரட்டரியில் டெஸ்ட் எடுத்து, ரிப்போர்ட் வைத்து, ஒழுங்காக அனுப்பினோம். அது கடைகளுக்குப் போய்விட்டது, அதில் ஒரு குறையும் இல்லை. இரண்டாவது லாட் கொஞ்சம் சின்னது, இப்போது உங்களிடம் கையிருப்பில் இருப்பது அதுதான். அதே துணி, அதே சாயம் என்று அதே ரிப்போர்ட்டை வைத்து, ஷேட்டை மட்டும் நான் பார்த்து அனுப்புவதாக முடிவு. கப்பல் தேதி நெருங்கிவிட்டது. துணி வந்த அன்று கேட்டுக்கு வெளியே உன் அப்பா, சாயப்பட்டறை ஆட்கள், தையல் மாஸ்டர் எல்லோரும் நின்றார்கள். நான் வழக்கம்போல ஜெயராணியைப் பார்த்தேன். அவள் இரண்டு துணியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “யக்கா, சாம்பிளு கண்ணக் குத்துது. இது குத்தலியே. செத்த மாதிரில்லா கெடக்கு. ஒரு தடவ லைட் பாக்ஸ டியூப் மாத்திப் பாத்துருவமாக்கா?” என்றாள்.

என் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. அவள் சொல்வது சரியாக இருக்கும் என்று மனசு சொன்னது, ஏனென்றால் ஒரு வருஷமாக அவள் சொன்னது எதுவும் தப்பியதில்லை. ஆனால் அத்தனை பேர் நடுவில், ஆமாம் என்று சொல்லவும் எனக்குத் தெரியவில்லை, இல்லை என்று சொல்லவும் தெரியவில்லை. என் கண் போனது அங்கே வெட்டவெளிச்சமாகிவிடும் என்ற பயம் ஒன்றுதான் இருந்தது. “ஏம் ஜெயராணி, எனக்கே கலர் சொல்லித் தர்றயா?” என்று கேட்டுவிட்டு டேகில் கையெழுத்துப் போட்டேன். அவள் முகம் சுண்டிப்போயிற்று. அதற்குப் பிறகு மூன்று வாரம் என்னிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. சரக்கு உன்னிடம் வந்து இறங்கியபோது நீ போன் பண்ணிக் கேட்டாய், ஞாபகம் இருக்கிறதா? “ரெண்டாவது லாட்ட நீங்க பாத்தீங்களாம்மா?” என்றாய். “பாத்தேன் கண்ணு” என்றேன். “அப்பச் செரி” என்று அங்கே உன் கம்பெனி சார்பில் சரக்கை ஏற்றுக் கையெழுத்துப் போட்டாய். நான் பார்க்கவில்லை கண்ணு. எனக்குத் தெரியவில்லை.

போன மாதம் எப்படியோ வலது கண்ணை ஆபரேஷன் பண்ணிக்கொண்டேன். படியில் கால் தவறி விழப்போனதால் உன் அப்பா பிடித்து இழுத்துக்கொண்டு போனார். இடது கண் இன்னும் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. திங்கட்கிழமை காலை கம்பெனிக்குப் போய், ஒவ்வொரு லாட்டிலும் நாம் மாதிரிக்கு எடுத்து வைக்கிற பீஸ்களில் அந்த இரண்டாவது லாட் வெஸ்ட்டையும், பையர் அனுப்பிய துண்டையும் எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே போனேன். முதலில் வலது கண்ணை மூடி, பழைய இடது கண்ணால் பார்த்தேன். இரண்டும் ஒன்று. பிறகு இடது கண்ணை மூடிக்கொண்டு புதுக் கண்ணைத் திறந்தேன். பையர் துண்டு கண்ணைக் குத்தியது, பார்க்க முடியாமல் கண் சுருங்கியது. நாம் அனுப்பிய வெஸ்ட் பக்கத்தில் பழுத்த பூசணித் தோல் மாதிரி சும்மா கிடந்தது. நிறம் ஆரஞ்சுதான், அதில் ரேடியம் இல்லை. சாயத்தில் குறையா, துணியில் குறையா என்று இனித்தான் தெரியும். மாற்றி மாற்றி ஒவ்வொரு கண்ணாக மூடித் திறந்து எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்குத் தெரியாது. கேட்டில் நின்ற செக்யூரிட்டி நான் கண்ணடிக்கிறேன் என்று நினைத்திருப்பார். சாயங்காலம் வெளிச்சம் இறங்கும்போது இரண்டையும் வேலியில் தொங்கவிட்டு, ரோட்டுக்கு அந்தப்பக்கம் போய் நின்று பார்த்தேன். பையர் துண்டு அப்போதும் தெரிந்தது. வெஸ்ட் பழுப்பாகிப் பின்னால் இருந்த காய்ந்த செடிகளோடு கலந்துவிட்டது. ஒரு மானின் நிறம் என்னவென்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஜெயராணி பின்னால் வந்து நின்றிருந்தாள். “அன்னிக்கு நீ சொன்னதுதான் செரி. என்னோட கண்ணு கெட்டுப் போயிருந்துச்சு, அத மறைக்கறதுக்காக உன்னையப் பேசிட்டேன்” என்றேன். மன்னித்துவிடு என்றும் சொன்னேன், அந்தச் சொல்லை நம் வீட்டில் யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை. அவள் அதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. “விடுங்கக்கா” என்றாள். பிறகு, “இப்ப அந்த உடுப்பெல்லாம் எங்கக்கா இருக்கு?” என்று கேட்டாள்.  அதுவரை நான் உன் ஒருத்தனை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கெட்ட மனிதர் இல்லை, உன்மேல் உயிரையே வைத்திருப்பவர், அதனால் அவர் சொன்னதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதே. “பையங்கிட்ட மட்டும் சொல்லு புள்ள. வேற ஒண்ணு வாங்கிப் போட்டுக்கட்டும். கம்பெனிக்கெல்லாம் சொல்லப் போனா, பாஸ் பண்ணிக் கையெழுத்துப் போட்டது நம்ம பையன். அவன் வேலைக்கே உலை வெச்சிரும். அங்கதான் கைடு இருக்கறாங்களே, எடம் பிரிச்சுத்தானே உக்கார வெப்பாங்க” என்றார். “மத்தப் பசங்களுக்கு யாருங்க எழுதுவாங்க?” என்று கேட்டேன். அவர் கணக்கு நோட்டை எடுத்துப் புரட்டினார்.  நெற்றியில் இடது புருவத்துக்கு மேலே இருக்கிற தழும்பைத் தேய்த்துக்கொண்டு நின்றேன். வேண்டுமென்று செய்யவில்லை, அது என் பழக்கம். அவர் அதைப் பார்த்துவிட்டார்.

அந்தத் தழும்பு எப்படி வந்தது என்று நீ சின்ன வயதில் கேட்டபோது, நிலைவாசலில் இடித்துக்கொண்டேன் என்று சொல்லியிருக்கிறேன். எல்லோருக்கும் அப்படித்தான் சொன்னோம். அது உன் அப்பா அடித்த கல். கல்யாணமான முதல் வருஷம், சேவூர்ப் பக்கத்துத் தோட்டத்தில் சோளம் போட்டிருந்தோம். அந்தப் பக்கம் புள்ளிமான்கள் கூட்டமாக வந்து வெள்ளாமையை மேய்ந்துவிட்டுப் போகும், அதைத் தொடக் கூடாது என்பது சட்டம், சத்தம் போட்டுத்தான் துரத்துவோம். அன்றைக்குக் காலையில் மூடுபனி இறங்கியிருந்தது. நான் மாட்டுக்குச் சோளத்தட்டு அறுக்கப் போனதை அவரிடம் சொல்லவில்லை. தவிட்டு நிறச் சேலை. சோளத்துக்குள் குனிந்து அறுத்துக்கொண்டிருந்தேன், தட்டு ஆடியிருக்கும். அவர் வரப்பில் நின்று கவணில் கல்லை வைத்து விட்டார். மானை விரட்டத்தான் விட்டார். ஒரு விரல் கீழே பட்டிருந்தால் அந்தக் கண் அன்றைக்கே போயிருக்கும். மொபெட்டில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி முழுக்க, “ஆடுச்சு புள்ள. பழுப்பா இருந்துச்சு. மானுன்னு கை போயிருச்சு” என்று அதையே சொல்லிக்கொண்டு வந்தார். அவர் அவசரக்காரர் இல்லை, குடிக்கிறவர் இல்லை, பார்வையும் நல்ல பார்வை. மான் வரும் என்று காத்திருந்த மனிதருக்கு, ஆடியதெல்லாம் மானாகத் தெரிந்தது. அவர் கையில் இருந்தது கல் என்பதால் இந்தக் கடிதத்தை எழுத நான் இருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. சாயங்காலம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “எழுது புள்ள. நா உன்னைய அடிச்சதையும் எழுது. அப்பத்தான் அவனுக்குப் புரியும்” என்றார். அதனால் இது எங்கள் இரண்டு பேருடைய கடிதம் என்றே வைத்துக்கொள்.

சனிக்கிழமைக்குச் சில விஷயங்கள் சொல்கிறேன். யூடியூப்பில் புதுக் கண் வலிக்கிற வரைக்கும் பார்த்துத் தெரிந்துகொண்டவை, சிரிக்காதே. உனக்குக் குளிர் என்றால் மூக்கு ஒழுகும். வெள்ளைக் கைக்குட்டையைக் கொண்டுபோகாதே. அந்த மான் பயந்து ஓடும்போது வாலைத் தூக்கினால் வெள்ளையாகத் தெரியுமாம், தூரத்தில் வெள்ளை ஆடினால் வால் என்று நினைத்துக்கொள்வார்கள். நான் கொடுத்தனுப்பிய வெள்ளைத் துண்டையும் கழுத்தில் சுற்றாதே. கைடு வந்து கூப்பிடும் வரைக்கும் பெட்டியைவிட்டு இறங்காதே, ஒண்ணுக்கு வந்தாலும் அவருக்குச் சொல்லிவிட்டு இறங்கு. மக்காச்சோளத்துக்குள் நடக்காதே. யாராவது வருவது தெரிந்தால் கையை ஆட்டாதே, வாயைத் திறந்து பேசு, மான் பேசாது. மானைச் சுட்டுவிட்டாய் என்றால் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு போட்டோவுக்கு நிற்காதே. இதெல்லாம் அந்த கைடும் சொல்வார். அவர் சொன்னால் கேட்பாய், நான் சொன்னால் தொணதொணப்பு என்பாய், பரவாயில்லை.

இனி நான் கேட்க வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் உன் முதலாளியிடம் போ. இரண்டாவது லாட் முழுவதையும் நிறுத்தச் சொல். சனிக்கிழமை யாருக்கும் அதைக் கொடுக்கக் கூடாது. நான் சொல்வதில் சந்தேகம் இருந்தால், இன்றைக்கே வெளிச்சம் இறங்கும் நேரத்தில் அந்த வெஸ்ட்டையும் முதல் லாட் வெஸ்ட் ஒன்றையும் வெளியே தொங்கவிட்டு, தெருவுக்கு அந்தப்பக்கம் நின்று நீயே பார். உன் கண் என்னுடையது மாதிரி இல்லை, நல்ல கண். பார்க்காமல் ஏன் கையெழுத்துப் போட்டாய் என்று கேட்பார்கள். அம்மா பார்த்துவிட்டேன் என்று சொன்னதால் போட்டேன் என்று உண்மையைச் சொல்லிவிடு. தப்பு அம்மாவுடையது, கண் தெரியாததை மறைத்துப் பாஸ் பண்ணினாள் என்று சொல். இந்தக் கடிதத்தையும் காட்டு, யாராவது மொழிபெயர்த்துப் படிக்கட்டும். ஆர்டர் போகும். உன் வேலை போகுமா போகாதா என்று எனக்குத் தெரியாது, போகாது என்று பொய் சொல்ல மாட்டேன். அந்தப் பயத்தில் எனக்குப் பிரஷர் ஏறிக் கிடக்கிறது, இறங்கினால்தான் இடது கண்ணைத் தொடுவேன் என்கிறார் டாக்டர்.

உங்கள் ஊர் வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் பார்ப்பேன். அதற்கு மேல் ஆனால் கம்பெனி மெயிலிலிருந்து நானே அவர்களுக்கு எழுதிவிடுவேன். மிரட்டவில்லை கண்ணு. நீ சொல்லி அவர்களுக்குத் தெரிவதற்கும், உன்னை மீறி நான் சொல்லித் தெரிவதற்கும் உன் பெயருக்கு நிறைய வித்தியாசம் இருக்கிறது. பதவிக்காகவும் பெருமைக்காகவும் ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டவளின் மகன் நீ. அந்த ஒரு நிமிஷம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், எல்லோரும் உன்னையே பார்க்கிற மாதிரி இருக்கும். அப்போது நீ வாயைத் திறந்துவிடு.

படித்ததும் மெசேஜ் போடாதே, கட்டைவிரல் படமும் போடாதே. கூப்பிடு. நீ “கழட்டிட்டேனுங்மா” என்று சொன்னால், உன்னைப் பெற்றவள் கொஞ்ச நேரம் அழுதுவிட்டுச் சும்மா இருந்துவிடுவாள், அவளை நம்பாதே. நான் கேட்க வேண்டிய வார்த்தை அது இல்லை. “கழட்ட வெச்சுட்டேனுங்மா” என்று சொல். அதைக் கேட்கிற வரைக்கும் போனைக் கையைவிட்டுக் கீழே வைக்கமாட்டேன்.

அம்மா